ஆனைமுடித் தவளையும் வற்றும் கண்மாயும்

மூணாறுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ராஜமலைக்கும் ஒரு நடை போய்வருவார்கள். வனத்துறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மேலே இறக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் சாலையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். வரையாடுகள் மனிதர்களைச் சட்டை செய்யாமல் சாலையோரத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். எல்லாருடைய கைப்பேசியும் ஆட்டின் பக்கமே திரும்பியிருக்கும். அந்த நேரத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தால், மேகம் மனது வைத்தால், யானையின் மத்தகம் மாதிரி ஒரு மொட்டைப் பாறை தெரியும். அதுதான் ஆனைமுடி. உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது.

அந்த உச்சியில், காற்றடித்து அடித்துக் குட்டையாகிப்போன புல்லுக்கும் குறுமூங்கிலுக்கும் அடியில், ஒரு தவளை இருக்கிறது. ஏறக்குறைய ஓர் அங்குலம்தான். செங்கல்லும் ஆரஞ்சும் கலந்த நிறம். முதுகிலும் பக்கவாட்டிலும் கொப்புளம் கொப்புளமாகச் சுரப்பிகள். தவளை என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற அந்த நீண்ட பின்னங்கால் இதற்கு இல்லை. குட்டைக் கால்கள். குதிப்பதைவிட ஊர்ந்து போவதற்குத்தான் அவை தோதானவை. 2010இல் எஸ்.டி. பிஜுவும் அவரோடு வேலை பார்த்த ஆய்வாளர்களும் இதைப் புது இனம் என்று அறிவித்து, 'ரவோர்செஸ்டஸ் ரெஸ்பிளென்டன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ரெஸ்பிளென்டன்ஸ் என்றால் பளபளக்கிற, ஒளிர்கிற என்று பொருள். நாம் ஆனைமுடித் தவளை என்றே வைத்துக்கொள்வோம்.

இது வாழ்வதாக அவர்கள் குறித்த பரப்பு 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஏக்கர் கணக்கில் சுமார் 740. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய கண்மாய் அவ்வளவு இருக்கும். அவர்கள் அப்போது அறிந்தவரை, உலகத்தில் இந்தத் தவளைக்கு உள்ள இடம் மொத்தமும் அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது ஒரு சின்னப்பிள்ளைக் கேள்வி. இந்தத் தவளை எப்படி அங்கே ஏறிப் போனது? ஓர் அங்குலத் தவளை, அதுவும் குதிக்கத் தெரியாத தவளை, 2,600 மீட்டருக்கு ஏறியிருக்குமா? ஏறிய வழியிலேயே ஏன் இறங்கவில்லை? பக்கத்து மலைக்கு ஏன் போகவில்லை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால் உயிரியலில் ஒரு பெரிய விஷயம் கையில் சிக்குகிறது. மலையுச்சி என்பது ஒரு தீவு.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம். ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத உயிரினத்தை ஓரிடவாழ்வி என்கிறார்கள். அகணிய உயிரி என்றும் எழுதுவதுண்டு. எனக்கு முதல் சொல்தான் பிடிக்கும், கேட்டவுடனே புரிகிறது. இதில் 'ஓரிடம்' என்பது எவ்வளவு பெரியது என்பது உயிரினத்துக்கு உயிரினம் மாறும். வரையாடும் ஓரிடவாழ்விதான், ஆனால் அதன் ஓரிடம் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் உள்ள மேற்குத்தொடர்ச்சி மலை முகடுகள் பலவற்றை உள்ளடக்கியது. ஆனைமுடித் தவளையின் ஓரிடம் ஏறக்குறைய ஒரு மலையின் தலைப்பாகைதான்.

இனி அந்தக் கண்மாய்க்கு வருவோம். பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஐப்பசியில் கரை முட்டத் தண்ணீர் இருக்கும்போது எல்லா மீனும் எங்கும் போகும், வரும். தண்ணீர் இறங்க இறங்க நடுவில் மேடுகள் தலை காட்டும். கடைசியில் ஆழமான குழிகளில் மட்டும் தண்ணீர் தேங்கும். இந்தக் குழியில் இருக்கும் கெண்டைக்கும் அந்தக் குழியில் இருக்கும் கெண்டைக்கும் இருபது அடிதான் தூரம். ஆனால் நடுவில் இருப்பது காய்ந்து வெடித்த கரம்பை. மீனுக்கு அது சகாரா.

மலைகளில் தண்ணீருக்குப் பதிலாகக் குளிரை வைத்துப் பாருங்கள். ஒரே வித்தியாசம், கண்மாயில் மீன் தங்கும் குழி அடியில் இருக்கும், மலையில் குளிர் தங்கும் குழி உச்சியில் இருக்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது உலகமே இப்போதைவிடக் குளிர்ந்து கிடந்தது. குளிரை விரும்பும் செடிகொடிகளும் பூச்சிகளும் தவளைகளும் மலையில் இன்றைக்கு இருப்பதைவிடக் கீழேயும் பிழைக்க முடிந்தது. பிறகு வெப்பம் கூடியது. குளிர் மட்டம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. அதோடு சேர்ந்து ஏறியவை இன்று முகடுகளில் நிற்கின்றன. ஆக, 'எப்படி ஏறியது' என்ற கேள்வியே கொஞ்சம் கோணல். எந்தத் தவளையும் அடிவாரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படவில்லை. அதன் வீடு மேலே போனது, தலைமுறை தலைமுறையாக அதுவும் கூடவே போனது.

இப்படிக் குளிர் இறங்கியதும் ஏறியதும் ஒருமுறை மட்டும் நடந்த கதையல்ல, பல லட்சம் ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடந்தது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா என்ற இடத்தில் சதுப்பு நிலத்தில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் மக்கிய மண்ணை வெட்டியெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். செத்துப்போன புல்லும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து இறுகிய மண் அது. அதிலுள்ள கார்பனின் வகையைப் பார்த்தால் அந்தந்தக் காலத்தில் அங்கே வறட்சி தாங்கும் புல் அதிகமா, ஈரம் விரும்பும் தாவரம் அதிகமா என்று சொல்லிவிடலாம். நீலகிரியின் தட்பவெப்பம் ஒரே சீராக இருந்ததில்லை, மாறி மாறி வந்தது என்பதை அந்த மண் காட்டிக்கொடுக்கிறது. கண்மாய் பலமுறை நிரம்பியது, பலமுறை வற்றியது. ஒவ்வொரு முறை வற்றும்போதும் குழிகளில் மாட்டியவை தனித்தனியே இனம் பெருக்கின. நீண்ட காலம் தனித்திருந்தவை மறுபடி சந்தித்தபோது ஒன்றுக்கொன்று அந்நியமாகியிருந்தன. இப்படித்தான் ஒரு இனம் இரண்டாகிறது.

சரி, தவளைக்கு மட்டும் ஏன் சூடு இவ்வளவு பெரிய சுவர்? ஒரு பறவையோ ஆடோ ஒருநாள் சூட்டைத் தாங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடந்துவிடாதா?

காரணம் தோல். தவளையின் தோல் நம் தோலைப் போல நீரைத் தடுக்கும் உறை இல்லை. அது வழியாகத்தான் தவளை தண்ணீரை உறிஞ்சுகிறது, மூச்சிலும் ஒரு பங்கை அது வழியாகத்தான் விடுகிறது. அதற்காகத் தோல் எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும். ஈரம் உள்ளே வருகிற வழியிலேயே வெளியேயும் போகும். உருவம் சிறியதாக இருந்தால் இன்னும் மோசம். மொட்டை மாடியில் வடகம் போட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். அதே மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்தால் ஒரே வெயிலில் காய்ந்துவிடும், பெரிய உருண்டையாக வைத்தால் மூன்று நாளானாலும் உள்ளே ஈரம் இருக்கும். உடல் சிறுக்கச் சிறுக்க, எடைக்குத் தோலின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. ஓர் அங்குலத் தவளை சின்ன வடகம்.

இன்னொரு காரணமும் உண்டு, இது கொஞ்சம் நுட்பமானது. 1967இல் டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். வெப்பமண்டலத்தில் மலைக்கணவாய்கள் ஏன் 'அதிக உயரமாக' இருக்கின்றன என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. அவர் சொன்ன உயரத்தை மீட்டரால் அளக்க முடியாது, உயிரினம் அதைக் கடக்கப் படும் பாட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும். டெல்லியில் வாழும் ஒரு ஜீவன் தையில் நடுங்கும் குளிரையும் வைகாசியில் கொளுத்தும் வெயிலையும் ஒரே ஆண்டில் பார்த்துவிடும். அதனால் மலையில் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு அது புதிதில்லை. வெப்பமண்டல மலையில் அப்படியில்லை. கீழே எப்போதும் சூடு, மேலே எப்போதும் குளுமை. மேலே இருப்பது கீழேயுள்ள சூட்டை வருடத்தில் ஒருநாள்கூடச் சந்திப்பதில்லை. பழக்கமே இல்லாத உடம்புக்கு நடுவிலுள்ள பள்ளத்தாக்கு ஆழமாகிவிடுகிறது. ஜான்சனின் இந்த யோசனையை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் உரசிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கணக்காகப் பார்ப்போம். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6 டிகிரி அளவுக்குக் குறையும். போடிநாயக்கனூரில் 35 டிகிரி அடிக்கும் மதியத்தில் ஆனைமுடி உச்சியில் 20, 21 டிகிரிதான் இருக்கும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. மார்கழி இரவுகளில் மேலே புல்லில் உறைபனி விழும். போடியிலிருந்து மூணாறுக்குப் பேருந்தில் போகிறவர் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்வெட்டரைத் தேடுகிறாரே, அந்தச் சில மணி நேரத்தில் அவர் கடப்பது தவளைக்கு ஒரு கண்டம்.

ஆனைமுடிக்குக் கிழக்கே மீசைப்புலிமலை இருக்கிறது, 2,640 மீட்டர். நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்குள்தான். அங்கேயும் புல்வெளி, அங்கேயும் பனிமூட்டம். ஆனால் இங்கிருந்து அங்கே போக ஒரு தவளை எழுநூறு, எண்ணூறு மீட்டராவது இறங்கி, தேயிலைத் தோட்டத்தையும் சாலையையும் ஓடையையும் தாண்டி, மறுபடி அவ்வளவு ஏற வேண்டும். ஊர்ந்துபோகும் தவளை.

இந்தத் தீவுத்தன்மை தவளைக்கு மட்டும் உரியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலம், தரை மட்டத்துக்குப் பக்கத்திலான உயரம், சுடச்சுடக் காற்று. சோலைக்காட்டுக்குள் தரையோரமாகத் திரியும் ஒரு நீலக் குருவி கணவாய்க்கு வடக்கேயும் இருக்கிறது, தெற்கேயும் இருக்கிறது. பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டும் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்ட தனித்தனி இனங்கள் என்று தெரிந்தது. சிறகு இருந்தும் முப்பது கிலோமீட்டரைக் கடக்கவில்லை. 2017இல் அந்தக் குருவிகளுக்கென்றே ஒரு புதுப் பேரினப் பெயர் வைத்தார்கள்: ஷோலிகோலா. நம்முடைய 'சோலை' லத்தீன் வேடம் போட்டுக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் பாலைவனத்துக்கு நடுவே காடு மூடிய மலைகள் தனித்தனியாக எழும்பி நிற்கும். அவற்றை 'வானத்துத் தீவுகள்' என்று அங்கே அழைப்பார்கள். இப்போது உலகம் முழுக்க இப்படிப்பட்ட மலைகளுக்கு அந்தப் பெயர்தான்.

அடுத்து, எனக்கு இந்தத் தவளைக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. பள்ளிக்கூடத்தில் தவளையின் வாழ்க்கைச் சுழற்சி என்று ஒரு வட்டம் வரைந்திருப்போம். முட்டை, தலைப்பிரட்டை, வால் உள்ள குட்டித் தவளை, தவளை. நடுவில் தண்ணீர். ஆனால் ஒரு மலையுச்சியில் தலைப்பிரட்டை எங்கே நீந்தும்? பெய்யும் மழையெல்லாம் சரிவில் ஓடிவிடும். தேங்கி நிற்க இடம் குறைவு. ஓடை இருந்தால் அது வேகமாகவும் சில்லென்றும் ஓடும்.

ஆனைமுடித் தவளையும் அதன் உறவுக்காரப் புதர்த்தவளைகளும் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டவை. இவை தலைப்பிரட்டைப் பருவத்தை முட்டைக்குள்ளேயே முடித்துவிடுகின்றன. முட்டை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிது. உள்ளே கட்டுச்சோறு மாதிரி நிறைய மஞ்சள் கரு. கரு அதைத் தின்று வளர்ந்து, கால் முளைத்து, முழுத் தவளையாகவே வெளியே வரும். வெளியே வரும்போது உளுந்துக்கும் கடலைப்பருப்புக்கும் இடைப்பட்ட ஒரு பொடித் தவளை. குளம் வேண்டாம், ஓடை வேண்டாம். முட்டை காயாமல் இருக்க ஈரம் மட்டும் போதும். ஆனைமுடித் தவளை முட்டையை வைப்பது குறுமூங்கில் தூரின் அடியில், உள்ளே தள்ளி. வெளியே காற்று ஊளையிட்டாலும், உறைபனி விழுந்தாலும், வெயில் சுள்ளென்று அடித்தாலும் தூருக்குள்ளே ஈரமும் வெப்பமும் அவ்வளவாக மாறாது. புல்லுக்கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே ஒரு தனி வானிலை.

இதே குடும்பத்தில் இதைவிட விசித்திரமான சங்கதி நம் திருநெல்வேலிப் பக்கமே நடக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டில் சலசோடஸ் என்ற ஒரு பச்சைப் புதர்த்தவளை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிவானதற்குப் பிறகு 136 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2011இல்தான் மறுபடி கிடைத்ததாக அறிவித்தார்கள். அது மெல்லிய நாணல் மூங்கிலின் கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் உள்ள பொந்துக்குள், ஒரு சிறு வெடிப்பு வழியாக உடம்பை நெருக்கி நுழைந்து, உள்ளே முட்டையிடுகிறது. ஆண் உள்ளேயே காவல் இருக்கிறது. கே.எஸ். சேஷாத்ரியும் உடன் ஆய்வாளர்களும் இதை 2014இல் வெளியிட்டார்கள். குளத்தை மூங்கிலுக்குள் கொண்டுவந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. உண்மையில் குளமே வேண்டாம் என்று சொல்லிவிட்ட தவளை அது.

தண்ணீர்நிலையை நம்பாத இந்தப் பழக்கம் ஒரு வகையில் விடுதலை. குளம் இல்லாத மலைமுகட்டிலும் குடித்தனம் போடலாம். அதனால்தான் புதர்த்தவளைகள் முகட்டுக்கு முகடு தனி இனமாகப் பெருக முடிந்தது. ரவோர்செஸ்டஸ் பேரினத்தில் இன்றைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலானவை மேற்குத்தொடர்ச்சி மலையில். மூணாறின் பெயரையே தாங்கிய முன்னாரென்சிஸ் 2009இல் பதிவானது. ஊட்டிப் பக்கம் சிக்னேட்டஸ் என்று ஒன்று உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் சில இனங்களைக் குரலை வைத்துத்தான் பிரித்தறிகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம், தனிச் சுருதி. பெண் தவளைக்கு அந்தக் காது பிசகாது.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விலகல். ரவோர்செஸ்டஸ் என்ற பெயரின் முன்பாதி 'ராவ்'. பெங்களூரில் பணியாற்றிய தவளை ஆய்வாளர் சி.ஆர். நாராயண் ராவின் நினைவாக வைத்தது. பின்பாதியான ஓர்க்கெஸ்டஸ் கிரேக்கச் சொல், ஆடுபவன் என்று அர்த்தம். 'கரன்ட் சயன்ஸ்' என்ற ஆய்விதழ் 1932இல் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் ராவ்தான். அவர் பெயரைத் தாங்கிய பேரினத்தை அறிவித்த கட்டுரையும் அதே இதழில்தான் வந்தது, அதுவும் ஆனைமுடித் தவளையை அறிமுகப்படுத்திய அதே கட்டுரையில். ஆடுபவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு இது மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது ஆபத்துக்கு வருவோம். முதலில் கண்டவர்கள் போட்ட கணக்கில் ஆனைமுடித் தவளைகள் சுமார் 300. ஒரு கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு உட்காருகிற கூட்டம். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது 'மிக அருகிவிட்ட' இனம், அதாவது அழிவுக்கு முந்தைய படிகளில் கடைசிக்குப் பக்கம்.

சின்ன இடத்தில் வாழ்வதில் என்ன கெடுதல் என்று கோஸ்டாரிகாவில் ஒரு தேரை காட்டிவிட்டுப் போனது. மொண்டேவெர்டே மலைமுகட்டில், மேகம் தழுவும் குட்டை மரக்காட்டில், சில சதுர கிலோமீட்டரில் மட்டும் வாழ்ந்தது பொன்தேரை. ஆண்கள் தங்கத்தில் வார்த்ததுபோல் பளீரென்று ஆரஞ்சு. 1966இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. 1987இல் மழைக் குட்டைகளில் 1,500க்கும் மேற்பட்டவை கூடிக் கும்மாளம் போட்டதை ஓர் ஆய்வாளர் எண்ணினார். 1989இல் ஒரே ஒரு ஆண் தேரை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. 1987இன் வறட்சியில் குட்டைகள் காய்ந்து முட்டைகள் வீணாயின, தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோயும் பரவியிருக்கலாம் என்கிறார்கள். இதில் எது முதல் குற்றவாளி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பரந்து வாழும் ஒரு இனத்துக்கு ஒரு மோசமான வருடம் ஓரிடத்தில் அடி. ஓரிடவாழ்விக்கு அதே வருடம் முற்றுப்புள்ளி.

பக்கத்து வீட்டையும் பார்த்துவிடலாம். இலங்கையின் புதர்த்தவளைகள் நம் ரவோர்செஸ்டஸ்களுக்கு மிக நெருங்கிய சொந்தம், அவையும் முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவத்தை முடிப்பவை. அங்கே 15க்கும் மேற்பட்ட இனங்கள் அழிந்துவிட்டதாகப் பட்டியலில் ஏறிவிட்டன. ஆனால் அழிந்ததாக எழுதப்பட்ட ஒன்று, 1853க்குப் பிறகு யாரும் காணாதது, சிவனொளிபாதமலைச் சரிவில் உயிரோடு இருந்தது. அதை 2013இல் வெளியுலகுக்குச் சொன்னார்கள். பட்டியலும் சில நேரம் தோற்கும். தோற்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

ஆனைமுடியில் குட்டை வற்றும் பயம் இல்லை, ஏனென்றால் குட்டையே இல்லை. அங்கே பயம் வேறு. மறுபடி கண்மாய்க் கணக்கு. ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரி என்றால் ஒரு டிகிரிக்கு 165 மீட்டர் அளவு. உலகம் ஒரு டிகிரி சூடானால் பழைய குளிரைத் தேடி 165 மீட்டர் மேலே போக வேண்டும். நடுமலையில் வாழ்பவை போகலாம். ஒரு பேச்சுக்கு, நம் தவளை 2,500 மீட்டருக்கு மேலே வாழ்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரி கூடினால் அதன் தரை 2,665க்கு ஏறிவிடும். மலை 2,695இல் முடிகிறது. மிச்சம் முப்பது மீட்டர்.

அதோடு மலை கூம்பு வடிவம் என்பதையும் மறக்கக் கூடாது. களத்தில் அம்பாரமாகக் குவித்த நெல்லைப் பாருங்கள். மேல்பாதி உயரத்தில் இருப்பது பாதி நெல் அல்ல, எட்டில் ஒரு பங்குதான். பரப்பை எடுத்தால் நாலில் ஒன்று. உயரம் கொஞ்சம் குறைந்தால் இடம் நிறையக் குறைந்துவிடும். நிஜத்தில் இவ்வளவு நேராக நடக்காது என்பதும் உண்மை. ஒரு டிகிரிக்காகத் தவளை மூட்டை கட்டாது, மூங்கில் தூருக்குள் இருக்கும் அந்தத் தனி வானிலை கொஞ்சம் தாங்கும். மழையும் பனிமூட்டமும் எப்படி மாறுகின்றன என்பதுதான் வெப்பத்தைவிடப் பெரிய விஷயமாகக்கூட இருக்கலாம்.

ஆனைமுடித் தவளைக்கு வாய்த்த ஒரு அதிர்ஷ்டம், அதன் மலை பழைய காலத்திலேயே மூடி வைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஆனைமுடியை உள்ளடக்கிய இரவிகுளத்தைத் தங்கள் வேட்டைக்காகக் கட்டிக் காத்தார்கள், முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு வைத்தார்கள். ஆட்டைச் சுடுவதற்காகக் காத்த இடத்தில் தவளை பிழைத்துக்கொண்டது. 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. 97 சதுர கிலோமீட்டர். மற்ற மலைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. புல்வெளி என்றால் 'சும்மா கிடக்கும் தரிசு' என்று நினைத்து வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று நட்டுத் தள்ளினோம். பழனி மலையில் மட்டும் 1970களிலிருந்து நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். மரம் நட்டால் நல்லது என்று நமக்குச் சின்ன வயதிலேயே ஊட்டியிருக்கிறார்கள் இல்லையா, புல்லுக்கு அது பொருந்தாது என்று யாரும் சொல்லவில்லை.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போது ஒருவர் தவறாமல் கேட்பார்: "அவ்வளவு கஷ்டம் என்றால் நாலு தவளையைப் பிடித்துக் கொண்டுபோய் வேறு மலையில் விட்டுவிட வேண்டியதுதானே?" கேள்வி நியாயமானது. ஆனால் இன்னொரு மலையில் ஏற்கெனவே இன்னொரு புதர்த்தவளை குடியிருக்கும். கூடவே நோயும் பயணம் போகும், அந்தத் தோல் பூஞ்சை மேற்குத்தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. 300இல் நாலு எடுப்பதே பெரிய எடுப்பு. எல்லாவற்றுக்கும் மேல், போகிற இடத்தில் அந்தப் புல்லும் அந்தக் குறுமூங்கில் தூரும் இருக்க வேண்டும். உயரத்தை மட்டும் பார்த்தால் 2,637 மீட்டரில் தொட்டபெட்டா இருக்கிறது. அங்கே உச்சி வரை கார் போகும், தொலைநோக்கி வைத்த கூடம் இருக்கிறது, இறங்கியதும் சூடாகச் சோளம் கிடைக்கும்.